எண்பது கஜம்

கோச்சிடம் கோல்ஃப் கற்றுக்கொள்ள யார் வந்தாலும் முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பந்தை அடிக்க வேண்டும். எவ்வளவு முறுக்கேறிய கையாக இருந்தாலும் பந்து மைதானத்தில் எண்பது கஜம் என்று எழுதி நட்ட பலகையைத் தாண்டாது. அப்புறம் கோச் அதே மட்டையை வாங்கி, நின்று அடிப்பார். பந்து நூற்றெண்பது பலகைக்கு மேலே பறக்கும்.

"கைக்கு என்னய்யா தெரியும்? முதல்ல இடுப்பு திரும்பணும். தோள் பின்னாடியே நிக்கணும். ஈரத்துணி பிழியிற மாதிரி நடுவுல முறுக்கு ஏறணும். அந்த முறுக்குதான் பந்தை அடிக்குது. கை சும்மா கூட வருது, அவ்வளவுதான்" என்பார்.

வித்தை தெரிந்தவர்தான், அதில் குறையே சொல்ல முடியாது. வாய்தான் சாக்கடை. உதவிக் கோச்சாக இருந்தவன் சொந்த மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் அவனையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஏழு வருஷம் வேடிக்கை காட்டினார். முப்பது வயது ஆளுக்கு 'நாற்காலி' என்றே பேர் வைத்தார். கிளப் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது.

போன வருஷக் கடைசியில் கோச்சின் முதுகு போயிற்று. வெளியூரில் ஆபரேஷன். கீழ்முதுகில் மூன்று எலும்புகளைக் கம்பி வைத்து ஒன்றாக முடுக்கிவிட்டார்கள். இனி இடுப்பும் தோளும் தனித்தனியாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளப்பில் சொன்னது பயிற்சி முகாம் என்று. உண்மை பெண்டாட்டிக்கும் நாற்காலிக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம் அவரைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

நன்றியா? நல்லா இருக்கே கதை! தூக்கிச் சுமந்தவன் முகத்தைப் பார்த்தாலே கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் அவள் அப்பாவும் ஒருநாள் கிளப்பைப் பார்க்க வந்தார்கள்.

"டேய் நாற்காலி, உக்காந்து அடிடா! உன் மாமனாரும் பாக்கட்டும், நீ எவ்வளவு தூரம் போவேன்னு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. நாலே நாளில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. "பரவால்ல மாமா" என்றான் நாற்காலி. அவன் அக்கா மட்டும் கோச்சிடம் ஒரு வாரம் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வருகிறதே, பேசாவிட்டால் என்ன என்று இவரும் விட்டுவிட்டார்.

புதுசாக வந்த செக்ரட்டரி கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை மெம்பர்கள் முன்னால் கோச் அடித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் அடுத்த மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து என்றார். கையெழுத்து இல்லை என்றால் வேலையும் இல்லை, கிளப் கொடுத்த வீடும் இல்லை. கோச்சுக்கு மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று. கடைசியில் வழி கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அடிக்க முதுகு எதற்கு?

"உக்காந்து நான் அடிக்கிறேன். நின்னு நீ அடி" என்றார் மச்சினனிடம். "காலை வாரிடாதேடா."

"நானா? போங்க மாமா."

ஞாயிறு காலை நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கோச் உட்கார்ந்து அடித்தார். பந்து எண்பது பலகையின் காலடியில் போய் விழுந்தது. ஒரே கைதட்டல்.

"இப்ப என் மச்சினன் நின்னு அடிப்பான், வித்தியாசத்தைப் பாருங்க!"

நாற்காலி வலது கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. "சுளுக்கிக்கிச்சு மாமா. நீங்களே அடிங்க. உங்க அடிக்கு முன்னாடி நான் எந்த மூலைக்கு?" என்று சொல்லி, கட்டுப்போட்ட அதே கையால் பலமாகத் தட்டினான். எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள்.

"அடிங்க கோச்" என்றார் செக்ரட்டரி.

கோச் எழுந்து நின்றார். மட்டையை ஓங்கி இடுப்பைத் திருப்பினார். தோள் பின்னால் நிற்கவில்லை, கூடவே வந்தது. பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்பும் ஒன்றாகத் திரும்பியது. முறுக்காவது ஒன்றாவது! வெறும் கைதான் அடித்தது. முதுகில் சுரீரென்று பிடித்த வலி குதிகால் வரை இறங்கியது. பந்து எண்பது பலகையடியில், முதல் பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கோச், எந்திரிச்சு நின்னுதானே அடிச்சீங்க?" என்றார் ஒரு மெம்பர். சிரிப்பு வெடித்தது. கோச்சின் மானம் கப்பலேறியது. செக்ரட்டரி கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நாற்காலி நிதானமாகக் கட்டைப் பிரித்தான். கோச் ஊன்றிக்கொண்டிருந்த மட்டையை அவர் கையிலிருந்து உருவினான். முதலில் இடுப்பு, பின்னால் தோள், கடைசியில் கை. ஏழு வருஷம் அவர் கத்திக் கத்திச் சொன்னதை ஒரு பிசகில்லாமல் செய்தான். பந்து நூற்றெண்பது பலகையைத் தாண்டிப் போயிற்று.

பிறகு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து கோச்சின் முழங்காலுக்குப் பின்னால் போட்டான். "உக்காருங்க மாமா" என்றான், நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி. "பாத்ரூம் போகணும்னா கூச்சப்படாம சொல்லுங்க. ரெண்டு மாசம் தூக்கின கைதானே."

கோச் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். "பாவி, உங்க அக்கா குடியிருக்கிற வீடுடா அது. அவ தெருவுல நிப்பாடா."

நாற்காலி குனிந்து, பிரித்த கட்டுத்துணியை அவர் மடியில் போட்டான்.

"அக்காவை நான் பாத்துக்கறேன். இதைக் காலையில கட்டி விட்டதே அவதான்."

உட்காராமல் நிற்கத்தான் கோச் பார்த்தார். முதுகு விடவில்லை.