தாளிப்பனைக்கு இரண்டு டிக்கெட்

கரும்பலகையின் விளிம்போடு நிற்காமல் சுவரிலும் ஏறிக்கொண்டிருக்கிறது அந்தப் பூ, வெள்ளைச் சாக்பீஸில், கிளை கிளையாக, ஸ்டூல் மேல் நின்று ஞானசௌந்தரி டீச்சர் வரைகிறாள், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், நான் வாசலில் மெமோவோடு நிற்கிறேன், பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க்குக்கு அன்று வயது இருபத்தேழு, சுவரை அசுத்தப்படுத்தியதற்கு விளக்கம் தரவும் என்று நானே டைப் அடித்த மெமோ, அவள் திரும்பிப் பார்த்து, தாளிப்பனை சார், அம்பது அறுபது வருஷம் சும்மா நிக்கும், ஒரே ஒருதரம் உச்சியில பூக்கும், அப்புறம் காஞ்சு செத்துரும், இத எப்படி சார் சின்னதா போட என்கிறாள், முதலில் சுவரைத் துடையுங்கள் என்றேன், துடைத்தாள், எட்டு மாதம் கழித்து அவளையே கட்டிக்கொண்டேன், மாதா கோயில் படியில் மாலையும் கழுத்துமாக நின்றபோது, டீச்சரம்மா, நீங்களே இன்னும் பார்க்காத அந்தப் பூவை ஒருநாள் நேரில் காட்டுவேன் என்று வாக்கும் கொடுத்தேன், வாய் வார்த்தைதானே, காசா பணமா.

காசும் பணமும் கேட்டது முப்பத்தைந்து வருடம் கழித்து, அவள் ரிட்டயர் ஆன மாதம், இலங்கை மலைநாட்டில் ஒரு பெரிய தோட்டத்தில் தாளிப்பனை பூத்திருக்கிறது என்று அவள் போனுக்குப் படம் வந்தபோது. தூத்துக்குடியில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இலங்கை, மதுரையில் விமானம் ஏறி இறங்குவதற்குள் கொடுத்த கேக்கைக்கூட நான் தின்று முடிக்கவில்லை, ஐந்து நாள் சுற்றுலா, முதல் நாளே தோட்டத்து வாசலில் நிற்கிறோம், அங்கே ஒரு பலகை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்கு அதைப்போலப் பல மடங்கு, ஒரு பனைமரத்தைப் பார்க்க இவ்வளவா, எங்கள் ஊரில் பனைமரம் சும்மா நிற்கிறது, பூ எங்கேயும் ஓடிவிடாது, முதலில் சல்லிசாக இருப்பதைப் பார்ப்போம் என்று அவள் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை, முப்பத்தைந்து வருடமாக அவள் ஒன்றும் சொல்லாததுதான் என் குடித்தனத்தின் பலம்.

மறுநாள் மூலிகைத் தோட்டம், அனுமதி இலவசம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏலம், கிராம்பு, பட்டை எல்லாம் காட்டிவிட்டு என்னை பெஞ்சில் உட்காரவைத்து வழுக்கையில் ஏதோ எண்ணெயைத் தேய்க்கிறார், மூன்றே வாரத்தில் முடி வரும் என்கிறார், தேய்த்த பிறகு எப்படி வாங்காமல் எழுந்திருப்பது, மூன்று குப்பி வாங்கினேன், அந்தப் பணத்தில் பெரிய தோட்டத்துக்கு இரண்டு பேரும் இரண்டு தடவை போய்வந்திருக்கலாம் என்பது வண்டியில் ஏறியபிறகுதான் உறைத்தது, உறைத்ததை நான் வெளியே சொல்லவில்லை. மூன்றாம் நாள் யுத்தத்தில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம், அதற்கும் காசு கிடையாது, புல்லை எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறான் பார் என்கிறேன், அவள் ஒவ்வொரு கல்லாகப் பெயர் படித்து எல்லாருக்கும் ஜெபம் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான்காம் நாள் ஒரு பெரிய ஓட்டலின் முன்புறத் தோட்டம், அதில் பாதிச் செடி பிளாஸ்டிக், அவள் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசி நாள் ஆட்டோவில் கண் அசந்திருக்கிறேன், பழைய ஆபீஸ், பழைய மேசை, எதிரே தாளிப்பனை நிற்கிறது, உச்சி கூரைக்கு மேலே போயிருக்கிறது, ஓலையை நீட்டி ஒரு மெமோ தருகிறது, முப்பத்தைந்து வருடத் தாமதத்துக்கு விளக்கம் தரவும், நான் சுற்றும்முற்றும் பேனாவைத் தேடுகிறேன், ஐயா எறங்குங்க என்கிறது, அது ஆட்டோக்காரர் மோகனதாஸ், முதல் நாள் திரும்பிவந்த அதே பெரிய தோட்டத்து வாசல், நான் தூங்கியதும் அவள்தான் இங்கே விடச் சொல்லியிருக்கிறாள், பூவெல்லாம் கொட்டுதுங்க, நேத்து மழையில பாதி போயிருச்சு என்று மோகனதாஸ் சொன்னதும் அவள் முகம் விழுந்துபோனது, அவருக்கு மலைநாட்டுத் தமிழ், ஏறக்குறைய நம் பேச்சுதான், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு தைரியம், நிறமும் மீசையும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, நானும் உள்ளூர்க்காரன்தான் என்று கவுண்ட்டரில் போய் நின்று விரலால் இரண்டு என்று காட்டினேன், வாயே திறக்கவில்லை. உள்ளே இருந்த சிங்களப் பெண் அடையாள அட்டையைக் கேட்டாள், பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டியில், ஆனால் ஊரை விட்டு எங்கே போனாலும் என் சட்டைப்பையில் ரேஷன் கார்டு இருக்கும், அதை எடுத்து, தமிழ்நாடு என்ற எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்து நீட்டினேன்.

அந்தப் பெண் விரலை எடுக்கச் சொன்னாள். வரிசை நீளுகிறது, மோகனதாஸைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாள், அவர் படிக்கிறார், அரிசி அட்டை, சீனி, பருப்பு, பிறகு என்னையும் ஞானசௌந்தரியையும் மாறி மாறிப் பார்த்து, ஐயா, இதுல குடும்பத் தலைவர்னு அம்மா பேரு போட்டிருக்கே என்கிறார். பெண்கள் பெயரில் இருந்தால் ஏதோ உதவித்தொகை வரும் என்று நானே தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து மாற்றியது, பென்ஷன்காரனுக்குக் கிடையாது என்றுவிட்டார்கள், பெயர் மட்டும் மாறியது மாறியதுதான், இதையெல்லாம் அந்த ஜன்னலில் எப்படி விளக்குவது. ஞானசௌந்தரி கார்டை வாங்கிப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள், குடும்பத் தலைவர் சொல்லுதேன், வெளிநாட்டுக்காரங்க டிக்கெட்டு ரெண்டு எடுங்க என்றாள்.

எடுத்தேன்.

பாதி கொட்டியும் அது அப்படி நிற்கிறது, ஒரு வீட்டைத் தூக்கி உச்சியில் வைத்த உயரத்துக்கு வெளிர்மஞ்சளாகப் பூ, கீழே தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், அண்ணாந்தபடியே கையைத் தூக்கி விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வடிகிறது, துடைக்கவில்லை, எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது, முதல் நாளே டிக்கெட் எடுத்திருந்தால் முழுப் பூவையும் பார்த்திருப்பாளே. சின்னதா போட்டுட்டேங்க, இத்தன வருஷமும் சின்னதாத்தான் போட்டிருக்கேன் என்றாள். சுவரை நான்தான துடைக்கச் சொன்னேன் என்றேன். ஆமா, மெமோவும் நீங்கதான் குடுத்தீங்க என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்தாளா என்பது இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இப்போது வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் நிற்கிறாள், கிறிஸ்மஸுக்கு நான் அடித்த நீல டிஸ்டெம்பர் மேல் வெள்ளைச் சாக்பீஸ் ஏறுகிறது, கிளை கிளையாக, டியூப் லைட்டைத் தாண்டி, மாதா படத்தைச் சுற்றிக்கொண்டு, நான் ஸ்டூலைப் பிடித்திருக்கிறேன், எண்ணெய் தேய்த்த வழுக்கையில் சாக்பீஸ் தூள் விழுந்து ஒட்டுகிறது, முடிதான் இன்னும் வரவில்லை, சுவர் முடிஞ்சு போச்சுங்க என்கிறாள் மேலேயிருந்து, மேலே சீலிங் இருக்கு, போடு என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் ஏணி கேட்கப் போகிறேன்.