பெட்டிக்குள் காணாமல் போன கார்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், போனைத் தடவுவார்கள். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நானும் ஒதுங்கித்தான் போவேன். ஆனால் போன ஐப்பசியில் என் எண்பது மூட்டைக் குறுவை நெல் இவர்கள் கையில் மாட்டிக்கொண்டது.

வலங்கைமானுக்குக் கிழக்கே எங்கள் ஊர். உழவர் குழு வைத்திருக்கிறோம். குழுவின் களத்தில் ஜெய்னுலாபுதீன் நெல்லை எடை போடுவான். முன்பெல்லாம் நோட்டில் எழுதினான். இப்போது தராசோடு ஒரு மெஷினைக் கட்டி வைத்திருக்கிறான். மூட்டை ஏறியதும் நாம் விரல் வைக்க வேண்டும். எடையும் ரேகையும் சேர்ந்து காற்று வழியாக நூலகக் கட்டடத்துக்குப் போகும். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி அதைப் பிடித்துக் கம்பி வழியாக வெளியூருக்கு அனுப்பும். பதில் வந்தால்தான் மூட்டை கொட்டகைக்குள் போகும்.

பெட்டியைச் செய்தது என் தம்பி மகள் சுடர்விழி. தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து ரவுட்டர் ஆக்கினேன் என்றாள். உள்ளே ஓடுவது லினக்ஸாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம். அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிற பொருளை எப்படி நம்புவது?

அன்று காலை என் நெல்லில் ஈரம் பதினாறு. பதினேழு வரை எடுப்பார்கள். முதல் மூட்டையைத் தராசில் ஏற்றி விரலை வைத்தேன். மெஷினில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"லைன் இல்லண்ணே. மூணு நாளா இப்படித்தான், வருது, போவுது" என்றான் ஜெய்னுலாபுதீன்.

"நோட்டுல எழுதுடா."

"நோட்ட எந்த மெஷின்ணே படிக்கும்?"

கிழக்கே வானம் கறுத்திருந்தது. தார்ப்பாய் போட்டு மூடலாம். ஆனால் தண்ணீர் அடியில் புகுந்துவிடும். போன வருஷம் பக்கத்து வயல்காரன் இராஜாங்கத்தின் மூட்டைகளில் அடிவரிசை முழுக்க முளைத்துப் போனது. அவன் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த சுடர்விழியை வீட்டிலிருந்து கையோடு அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். ஜெய்னுலாபுதீனும் பின்னால் வந்தான்.

பெட்டியை அணைத்துப் போட்டாள். லைன் வந்தது. மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. மடிக்கணினியைச் செருகி என்னவோ தட்டினாள். எழுத்து எழுத்தாக ஓடியது, நடுநடுவே சிவப்பு வரி.

"வயர்லெஸ் கார்ட காணோம்ங்குது பெரியப்பா."

எட்டிப் பார்த்தேன். சூடு தாங்காது என்று மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள். பச்சைக் கார்டு கண்ணெதிரே நின்றது.

"இந்தா இருக்குல்ல?"

"நம்ம கண்ணுக்கு இருக்கு. பெட்டிக்குத் தெரியல. ரெண்டும் பேசிக்கிறதுக்கு ஒரு பாதை இருக்கு, பஸ்னு சொல்லுவோம். அதுல தப்பு தப்பா வருது."

"நம்மூர் பஸ்ஸு மாதிரின்னு சொல்லு" என்றான் ஜெய்னுலாபுதீன். நான் முறைத்தேன்.

கார்டு சும்மா இருக்கும்போது தூங்கிவிடும், சில கார்டு எழுந்திருக்காது என்று சொல்லி, தூங்கவே விடாதபடி ஒரு வரி எழுதினாள். ஐந்து நிமிஷம் லைன் இருந்தது. போய்விட்டது. பையிலிருந்து வேறொரு கார்டை எடுத்து அதே இடத்தில் செருகினாள். அதுவும் போய்விட்டது.

"ரெண்டும் ஒடச்சல்தான். உன் படிப்பும் அப்படித்தான்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "இந்தக் கார்டு எங்க வீட்டுல நேத்து வரைக்கும் ஓடுனது. இங்க வந்து விழுதுன்னா கோளாறு கார்டுல இல்ல, அது உட்கார்ற எடத்துல." கார்டைப் பிடுங்கிவிட்டுப் போன் வெளிச்சத்தை அந்தச் சந்துக்குள் அடித்தாள். "என்ன இது, மஞ்சளா அப்பியிருக்கு?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"சந்தனம்மா. ஆயுத பூசையன்னிக்கு ஒங்க பெரியப்பா வச்சது. நான் பக்கத்துல நின்னு பொரி தின்னுக்கிட்டு இருந்தேன்" என்றான் அந்தப் பாவி.

"உள்ள போயா வப்பாங்க?"

"பின்ன? பம்புசெட்டுல கொட்டகைக் கதவுக்கா பொட்டு வைக்கிறோம்? மோட்டாருக்குத்தான. வேலை பாக்குறது எதுவோ அதுக்குத்தான் வைக்கணும். அந்தப் பச்சைக் கார்டு ஒண்ணுதான் வேலை பாக்குதுன்னு பெட்டி வச்சன்னிக்கு நீயே சொன்ன" என்றேன்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே காற்று ஈரமாக அடித்தது. களத்தில் எண்பது மூட்டை திறந்த வெளியில் கிடந்தது. கெடுத்தது நானே என்று இவர்கள் சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துச் சந்துக்குள் தேய்த்தாள். மஞ்சள் மஞ்சளாக வந்தது. ஒரு தரம், இரண்டு தரம், நாலு தரம். காய விட வேண்டும் என்றாள். ஃபேனுக்கு நேரே பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன், கை கடுக்கக் கடுக்க. பிறகு பழைய கார்டையே செருகினாள். மடிக்கணினியில் ஓடிய பட்டியலில் கார்டு வந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சிவப்பு வரி ஒன்றுகூட ஓடவில்லை.

"ஓடுங்க பெரியப்பா!"

களத்துக்கு ஓடினோம். என் கட்டைவிரல் ரேகை தேய்ந்து போனது, மெஷின் இரண்டு தடவை வேண்டாம் என்றது. வேட்டியில் துடைத்து மூன்றாம் தடவை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு மூட்டை மூட்டையாக ஏறி இறங்கியது. எழுபதாவது மூட்டையில் தூறல் விழுந்தது. சுடர்விழி மடிக்கணினியைப் போட்டுவிட்டு வந்து மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனதும் மழை சோவென்று கொட்டியது. தகரத்தின் கீழே நெல் நனையாமல் அடுக்கிக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன். சூடாகக்கூட இருந்தது.

"அடுத்த வருஷம் பொட்ட மூடி மேல வச்சுருங்க" என்றாள் சுடர்விழி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"பூசை முடிஞ்சு பதினஞ்சு நாள் ஓடுச்சே? அப்ப எங்க போச்சு சந்தனம்?"

"காஞ்சு கெடந்துச்சு. ஈரக்காத்து அடிச்சதும் நமுத்துப்போய் வேலையக் காட்டிருச்சு."

"அப்ப தப்பு காத்து மேல."

"பெரியப்பா!"

"காத்துதான் கெடுத்துச்சுன்னு நீதான சொன்ன."

ஜெய்னுலாபுதீன் சிரித்தான். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினேன். அவள் பின்னாலிருந்து குடை கொண்டு போகச் சொல்லிக் கத்தினாள். சந்தனத்தால் ஒரு மெஷின் நின்றது என்று இந்த வயதுக்கு நான் கேள்விப்பட்டதில்லை. திரும்பிப் பார்க்காமல் வாய்க்கால் கரையோடு நடந்தேன்.