காபி பாட்டிலில் சூப்புப் பொடி

அக்காவின் சமையலறையில் எழுத்தை நம்பினால் போச்சு. உப்பு என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பாவைத் திறந்தால் சர்க்கரை இருக்கும். தேன் பாட்டிலில் எலுமிச்சைச் சர்பத், சத்துமாவு பாட்டிலில் ஆப்பிள் ஜாம், பிஸ்கட் டின்னில் வறுத்த வேர்க்கடலை. காலி பாட்டிலைத் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது, அதில் ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்ட நேரம் வராது. துணிக் கம்பெனியில் பொத்தான் ஓட்டை போடும் மெஷினோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், வீட்டில் வந்து பாட்டிலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

பால்கனியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் பாட்டில்களைப் பார்த்து, லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரரைப் பற்றி அந்தக் கட்டடத்தில் பல கதைகள் உலவின. மனுஷன் சோடாகூடக் குடிக்க மாட்டார். ஆனாலும் படியேறும்போது எதிரில் வருகிறவர்கள் அவர் நடையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டில் யாருக்கும் இதனால் ஒரு இடைஞ்சலும் இல்லை. மூடியைத் திற, மோந்து பார், போடு. அவ்வளவுதான் சட்டம். அக்காவிடம் பத்து வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்த தம்பிக்கும் அது அத்துப்படி. இப்போது லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலைக்குப் போகிறான். போன வீடுகளிலெல்லாம் டப்பாவைத் திறந்ததும் மோந்து பார்த்து மானத்தை வாங்குவான்.

அந்தத் தம்பி நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். அவள் அப்பாவுக்கு இதில் துளிகூடச் சம்மதமில்லை. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிவு அலுவலகத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு மகளோடு பேசவும் இல்லை. கல்யாணத்தன்று அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா கவனித்தாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே அக்கா மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். என் தம்பிக்காகப் பெத்தவரை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், இவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்ற குறையே தெரியக்கூடாது.

முடிவு கட்டுவது சுலபம். தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது பரிசாக என்ன கொடுப்பது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மிக்ஸி, குக்கர் எல்லாம் கைக்கு எட்டுகிற விஷயமில்லை. சும்மா ஒரு கடிகாரத்தை வாங்கிக் கொடுக்கவும் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் யோசித்து, கடைசியில் தனக்குத் தெரிந்ததையே செய்தாள்.

பழக்கடையில் அடிபட்ட ஆப்பிளைக் கூறு கட்டி விற்பார்கள். அதை வாங்கி, அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, தோலோடு வேகவைத்து மசித்து, சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினால் ஜாம். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் போட்டு உலர்த்தினால் சாயங்காலம் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாய். எல்லாவற்றையும்விட அவள் பெருமைப்பட்டது சூப்புப் பொடியைப் பற்றித்தான். பருப்பைக் கருஞ்சிவப்பாக வறுக்க வேண்டும், கருகிவிடக் கூடாது. வெங்காயத்தையும் பூண்டையும் மெல்லிசாக நறுக்கி, வெயிலில் சருகாகக் காயவைத்து வறுக்க வேண்டும். காய்ந்த காளான், மிளகு, உப்பு. எல்லாவற்றையும் நைசாக அரைத்து இரண்டு தடவை சலிக்க வேண்டும். வேலை முடிந்து அலுத்துப்போய் வந்தால் ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போதும், ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்கிற பெண்ணுக்கு இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்?

ஏழு பாட்டில் நிறைந்தது. எதில் என்ன என்று எழுதி ஒட்டினால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் உருப்படியாக ஒன்று சொல்வார், அன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

"எழுதி ஒட்டறதுக்கு நாம என்ன கடையா வச்சிருக்கோம்? நம்ம வீட்டுப் பொண்ணு. திறந்து பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டாள் அக்கா.

தம்பியிடம் வாயால் சொல்லித்தான் அனுப்பினாள். அவன் பாட்டில்களைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கிவிட்டு, அக்கா கொடுத்தது என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். மற்றதெல்லாம் படியேறும்போதே மறந்துபோயிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. தம்பி மனைவி தானாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அக்கா ஆசையாக எடுத்தாள். அந்தப் பக்கம் மூக்கடைத்த குரல். ஜலதோஷமா, அழுகையா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் அவள் அப்பா வந்திருந்தார். தன் வீட்டில் கிடந்த அவளுடைய சர்டிபிகேட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காபி என்றால் அப்பாவுக்கு உயிர். பார்த்தால், வீட்டில் காபித் தூள் தீர்ந்திருந்தது. அலமாரியில் அக்கா கொடுத்த பாட்டில். மேலே கோப்பையிலிருந்து ஆவி பறக்கிற படமும், காபி என்ற பெரிய எழுத்தும். மருந்துக்கடைக்காரிக்கு லேபிள்தான் வேதம். ஜலதோஷத்தில் வாசனையும் தெரியவில்லை. இருந்த ஒரு டம்ளர் பாலையும் காய்ச்சி, இரண்டு ஸ்பூன் பொடி போட்டு, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒன்றும் பேசாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வரேன்மா என்று எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் தம்பி வந்து, திறந்திருந்த பாட்டிலைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தானாம். அவன் சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எங்கப்பா நாலு மாசம் கழிச்சு வந்தாருக்கா. அவருக்குப் பூண்டையும் மிளகையும் கலந்து குடுத்திருக்கேன். வேணும்னே செஞ்சேன்னு நெனச்சிருப்பாரு. இனிமே வரமாட்டாரு" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தாள்ல எழுதி ஒட்டியிருக்கலாமே. எனக்கெல்லாம் இது போதும்னு நெனச்சிட்டீங்களா" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அக்கா ஆடிப்போனாள். வெளியாள் மாதிரி எழுதி ஒட்ட வேண்டாம் என்று நினைத்துச் செய்தது, வெளியாள் என்பதால் அலட்சியமாகச் செய்தது போல் ஆகிவிட்டதே. அன்று அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லாமல் விட்டதற்காக, அந்த வருத்தத்திலும் அவர்மேல் அவளுக்குப் பிரியம் வந்தது.

மறுநாள் காலையிலேயே கிளம்பினாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். முடிந்தால் அப்பாவின் விலாசத்தை வாங்கிப் போய் அவரிடமும் கேட்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த தம்பி மனைவியின் முகத்தில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. உள்ளே கை காட்டி, அப்பா வந்திருக்காரு என்று வாயசைத்தாள். தம்பி வீட்டில் இல்லை. எங்கோ லிஃப்ட் நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

சமையலறையில் பெரியவர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு பெரிய பைகளிலிருந்து சாமான்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, காபித் தூள் மட்டும் மூன்று பாக்கெட். அக்காவைப் பார்த்ததும், யார் என்று மகள் சொன்னதும், தலையை மட்டும் அசைத்தார்.

"உங்க தம்பி நல்லா சம்பாதிக்கிறதா சொன்னாங்க" என்றார். "நேத்து இவ சர்டிபிகேட்டுங்கள குடுத்துட்டு, இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் வந்தேன். காபின்னு ஒண்ணு குடுத்தா. ஒரு வாய் குடிச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஏதோ பருப்பை வறுத்துப் பொடி பண்ணி வச்சிருக்கா. காபித் தூள் வாங்கக்கூட வழியில்ல, அப்பன்கிட்ட சொல்லவும் வாய் வரல. கீழ வச்சா அவ மனசு என்ன ஆகும்? முழுசும் குடிச்சேன். பஸ்ல உக்காந்தவன் எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டேன்."

அவருக்குப் பின்னால் நின்ற மகள் அக்காவையே பார்த்தாள். அவள் அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்று புரிந்தது. சொன்னால் போய்விடுவாரோ என்று பயம். அந்தக் கண்கள் கெஞ்சின.

அக்கா யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் இந்தப் பெண்ணுக்கு அப்பா கிடைத்துவிடுவார். ஆனால் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற தம்பி, கட்டினவளைப் பட்டினி போடுகிறவன் என்று ஆகிவிடும். இரக்கத்தில் வந்த மனிதர் வாசலுக்கு வரும்போதெல்லாம் அவனைக் கேவலமாகத்தான் பார்ப்பார். அப்படி ஒரு பொய்யின் மேல் எத்தனை நாளைக்குக் குடித்தனம் நடத்துவது?

"ஐயா, தப்பு என்னோடதுங்க" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னாள். அலமாரியிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தேன் பாட்டிலைக் கையில் எடுத்து, மேலே இருந்த எழுத்தை நிதானமாகப் படித்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு சத்துமாவு. பிறகு அந்தக் காபி பாட்டில்.

"முப்பது வருஷம் மேல எழுதியிருக்கறத நம்பியே வேலை பாத்தவன்மா நான்" என்றார். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. "அப்ப இங்க சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல?"

"இல்லீங்கய்யா. தம்பி அவள நல்லாத்தான் வச்சிருக்கான்."

அவர் காலிப் பைகளை எடுத்து மடித்தார். மடித்ததைத் திரும்பவும் மடித்தார். வந்த காரணம் போய்விட்ட மனிதர் அடுத்து என்ன செய்வார் என்று அக்கா அவர் கையையே பார்த்தாள்.

"குறை இருக்குப்பா" என்றாள் மகள். "நீங்க வரல. அதுதான் குறை."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பைகளை அலமாரிக்கு அடியில் வைத்தார். காபி பாட்டிலை அக்காவிடம் நீட்டி, இதைச் சூப்பாகவே போட்டால் எப்படிப் போடுவது என்று கேட்டார். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு ஸ்பூன் பொடி, கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள்; சர்க்கரை மட்டும் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். மகள் அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் ஒரு பாத்திரத்தை எடுத்துக் குழாயடியில் பிடித்தார். மூன்று டம்ளர் அளவு தண்ணீர் நிறைந்ததும் குழாயை மூடப் போனவர், கையை அதிலேயே வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மாப்பிள்ளை எத்தன மணிக்கு வருவாரு?"

இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார் என்றாள் மகள். அவர் குழாயை மூடாமல் இன்னொரு டம்ளர் தண்ணீர் பிடித்தார்.