மத்தியானம் கழன்றுவிடும் மெஷின்

ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டரின் அதிகாரத்தில் மிஞ்சியிருந்தவை மனைவியின் காது மெஷின்கள் இரண்டு மட்டுமே. காலையில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அவற்றை வரிசையில் நிறுத்துவார். சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. காதுக்குள் போகும் அச்சைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுவார். குழாயில் நிற்கும் ஈரத்தை ரப்பர் பல்பால் ஊதித் தள்ளுவார். துவாரத்தில் ஒட்டிய குறும்பியைக் கம்பி வளையத்தால் சுரண்டி எடுப்பார். மெஷின்மேல் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டார். பெற்ற பிள்ளையைக்கூட இவர் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்பாள் மனைவி. உண்மைதான்.

இத்தனை சீராட்டியும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். ஏன் என்றால் தலை வலிக்கிறது என்பாள். மேற்கொண்டும் ஏதோ சொல்ல வருவாள். அதற்குள் மாஸ்டர் பேட்டரியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார். பிறகு பொழுது சாயும்வரை அவர் சுவரோடுதான் பேச வேண்டும். காது கேட்காத காலத்தில் அது பரவாயில்லை. கேட்க வழி வந்த பிறகும் தன் பேச்சு அவளுக்கு வேண்டாமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைக்காமலிருக்க, கோளாறு மெஷினில்தான் என்று முடிவுகட்டி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு மெஷின் வாங்கிய கடைக்குப் போனார்.

கடைப்பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, புதுசுகூட இவ்வளவு சுத்தமாக இருக்காது என்றாள். மாஸ்டர் விடவில்லை. வீட்டில் உங்கள் மனைவியோடு யார் பேசுவது என்று அவள் கேட்டாள்.

"நான் மட்டும்தான்" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தப் பெண் டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் போன்ற ஒரு குழாயை எடுத்து, ஒரு முனையில் மெஷினை மாட்டி, மறுமுனையை அவர் காதுகளில் வைத்தாள். துடைத்து முடித்ததும் தினமும் இப்படி ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"வீட்ல பேசுற மாதிரியே பேசுங்க சார்."

"சாப்பாடு ஆச்சா?" என்றார் மாஸ்டர்.

தன் குரலே காதில் இடியாக விழ, அடுத்த கணம் குழாயைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். மனைவியின் காது மந்தமாக ஆக ஆக, வருஷத்துக்கு ஒரு படி ஏறிய குரல் அது. மெஷின் வந்த பிறகு அதை யாரும் இறக்கிவிடவில்லை.

"சத்தத்தை நல்லா குறைச்சுதான் வச்சிருந்தேன்" என்றாள் கடைப்பெண்.

வீடு திரும்பியவர் மெஷின்களை மனைவியிடம் கொடுத்து, அவள் மாட்டிக்கொண்டதும் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிற மாதிரி, மெல்லிய குரலில் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் கத்துறேன்னு ஏன் சொல்லல நீ?"

"தினமும் சொன்னேங்க. உங்க சத்தத்துல உங்களுக்குத்தான் கேக்கல."

மத்தியானம் போயிற்று, டப்பா திறந்தபடி காலியாகவே கிடந்தது. விளக்குப் போடும்வரை அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.