பட்டமரத்து விசிறி

காளான்களை வகை பிரிக்கும் அதிகாரியின் இடது தோளில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செத்த மரத்தில் மட்டுமே முளைக்கிற காளான் முளைத்திருந்தது. முதுகு தேய்த்துவிட வந்த மனைவிதான் முதலில் பார்த்தாள். அழுக்கென்று நினைத்துச் சுரண்டினாள், வரவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார், பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார். அரைவட்டம், காப்பித்தூள் நிறம், அடியில் மடிப்புக்குப் பதிலாக ஊசி குத்தியது போன்ற துளைகள். சந்தேகமே இல்லை, பட்டமரத்து விசிறி. இருபத்திரண்டு வருஷம் காடு காடாக அலைந்து எழுதிய கையேட்டில், 'உயிருள்ளவற்றில் முளைப்பதில்லை' என்று அவரேதான் எழுதியிருந்தார். கையேடு அதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இடுப்புத் துண்டோடு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து உடம்பு கையேட்டுக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. முதலில் பசி போயிற்று. அடுத்த வாரம் முழங்கைத் தோல் பட்டை பட்டையாக உரிந்தது. மருத்துவர் நாடி பிடித்துவிட்டு, இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது என்றார். மார்பைத் தட்டினால் உளுத்த கதவின் சத்தம் வந்தது. காளானை அறுத்துப் போட்டால் மறுநாள் ஒரு சுற்றுப் பெரிதாக வந்தது. "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு அக்கா அப்பவே சொல்லுச்சு, மாமா" என்றான் மனைவியின் தம்பி. யாரும் சிரிக்கவில்லை; அவனும்தான்.

"நீங்க எழுதினதுதானே? அடிச்சிட்டு வேற எழுதுங்க" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு மாதிரியை வச்சு எப்படி மாத்துறது? மூணு வேணும். மூணும் வேற வேற உடம்புல முளைச்சிருக்கணும். அதான் விதி."

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார். ஆனால் இறங்கி வரவில்லை.

அவள் மதியம்தோறும் அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். எட்டாம் நாள் அவளுக்கும் சட்டைப் பித்தான் அளவில் ஒன்று வந்தது. அவளுக்கும் பசி போயிற்று. அவர் அழுதார். "ரெண்டாச்சு, எழுதிக்கோங்க" என்றாள். மூன்றாவதற்குத் தம்பியைக் கேட்டார்கள். அவன் மூன்று நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் வந்து, காலர் பித்தானைக் கழற்றி, "நான் மனசு மாறுறதுக்குள்ள ஒட்டிக்கோங்க, மாமா" என்று உட்கார்ந்தான். அவனுக்கு முளைத்தபோது அதிகாரிக்குக் கண்ணும் நாக்கும் தவிர எதுவும் அசையவில்லை. மனைவி லென்ஸை அவர் கண்ணருகே பிடித்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். "அதேதான்" என்று சொல்ல கால் மணி நேரமாயிற்று. அவள் பழைய வரியை அடித்துவிட்டு, 'உயிருள்ளவற்றிலும் முளைக்கும்' என்று எழுதினாள். மை காய்வதற்குள் அவர் வயிறு கடமுடவென்று இரைந்தது. மூன்று பேருக்கும் கேட்டது.

புதிய பதிப்பு வந்து பதினோரு வருஷமாகிறது. மூவரும் நன்றாக இருக்கிறார்கள். தையல்காரர் இப்போது கேட்காமலே இடது தோளில் நாலு விரற்கடை கூடுதலாக விட்டுத் தைக்கிறார். போன மாதம் தன் சட்டையையும் அப்படியே தைத்துக்கொண்டார்.