கார்த்திகையில் வாருங்கள்

டம்ளர் நீண்டுகொண்டே இருக்கிறது, காப்பியின் ஆவி அதன் விளிம்பில் சுருண்டு எழுகிறது, பிடித்திருப்பவை என் மகள் சந்தனமாரியின் விரல்கள், உப்பில் வெடித்து, இரண்டு மாதம் எண்ணெய் போட்டு ஆற்றிய விரல்கள், போய்ச் சேரவேண்டிய கை ஒரு சாண் தள்ளி இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இத்தனை வருஷம் கழித்து நினைக்கிற இந்த நிமிஷத்திலும் அது நீண்டபடியேதான் இருக்கிறது.

கழுகுமலையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் போட்ட கடிதாசியில் ஒரே கேள்விதான், பொண்ணு பாக்க வாரோம் அண்ணாச்சி, உங்க தூத்துக்குடிப் பக்கம் எந்த மாசம் வந்தா வெயில் தாங்கலாம், அதற்கு நான் ஒரு வாரம் மாதங்களைப் புரட்டிக்கொண்டு கிடந்தேன், சித்திரையில் உப்பளம் வெள்ளைத் தீயாக எரியும், பதினாலு வயதிலிருந்து அதில் உப்பு வாருகிறவளுக்குக் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் வடியும், ஆடி என்றால் காற்று மண்ணை அள்ளிச் சோற்றில் போடும், மார்கழியில் கல்யாணப் பேச்சு ஆகாது, கார்த்திகைதான், மழைக்கு அளத்தில் வேலை நின்றிருக்கும், கண்ணின் சிவப்பு ஓய்ந்திருக்கும், வானம் மூடி ஊரே குளிர்ந்து கிடக்கும், தாயில்லாத பிள்ளையை அந்த மங்கலில் காட்டினால் ஒரு குறையும் தெரியாது என்று நினைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், யப்பா, சித்திரைன்னு எழுதுப்பா என்றாள், கிறுக்குப்பிள்ள, அந்த வெயில்ல வந்தா கருவாடாப் போவாவ என்று சிரித்தேன், ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், எழுதுததைப் பெருசாவாவது எழுது, எறும்பு ஊருத மாதிரி இருக்கு என்றாள், கேலி பண்ணுகிறாள் என்று அதற்கும் சிரித்தேன், கார்த்திகையில் வாருங்கள், ஊர் குளிர்ச்சியாக இருக்கும், என் கையால் எழுதிய முதல் கடிதாசி அது.

வந்தார்கள், தாயும் மகனும், தூறல் விழுந்துகொண்டிருக்கிறது, மூன்று மணிக்கே வீட்டுக்குள் இருட்டுக் கட்டிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது அண்ணாச்சி, ஊரு குளுகுளுன்னுல்லா இருக்கு என்கிறாள் அந்த அம்மாள், எனக்கு நெஞ்சு நிறைகிறது, சந்தனமாரி அடுப்படியிலிருந்து வருகிறாள், காலால் தரையைத் தடவித் தடவி வருகிறாள், வெட்கம் என்று நினைக்கிறேன், டம்ளர் நீள்கிறது, சுவரைப் பார்த்து நீள்கிறது, ஏ தாயி, சுவருக்கா காப்பி, நான் இங்கன இருக்கேன் என்று அந்த அம்மாள் சிரிக்க, மாப்பிள்ளையும் சிரிக்க, டம்ளர் திரும்புகிறது, இந்தப் பக்கம் ஒரு சாண் தாண்டிப் போகிறது, சிரிப்பு நின்றுபோகிறது, அந்த அம்மாள் மெதுவாகத் தன் கையைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்க்கிறாள், இமை அசையவில்லை, காப்பி குடிக்காமலே எழுந்துவிட்டார்கள், மழ வலுக்கும்போல, பஸ்ஸைப் பிடிக்கணும் அண்ணாச்சி.

ஏம்ட்டி சொல்லல என்று கேட்டேன், வெளிச்சம் இருந்தா எனக்கு ஆளு நல்லாத் தெரியும்ப்பா, மங்குனாத்தான் ஒண்ணும் தெரியாது, அதான் சித்திரைன்னு சொன்னேன், சொல்லியிருந்தா நீ அளத்துக்கு விட்டிருப்பியா, ஒத்தக் கூலில ரெண்டு பேரு எப்படிக் கஞ்சி குடிக்க என்றாள், ஆறிப்போன காப்பி டம்ளரைத் தரையில் தடவி எடுத்து அவளே குடித்தாள்.

அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் மாதம் கேட்கவில்லை, எத்தனை கார்த்திகை போயிற்று, இது சித்திரை, உச்சி வெயில், உப்புப் பாத்தியெல்லாம் வெள்ளையாக எரிகிறது, இதற்கு மேல் வெளிச்சம் பூமியில் இல்லை, வரப்பில் குந்தியிருக்கிறேன், யப்பா, தண்ணி குடி என்று சந்தனமாரி குடத்திலிருந்து மொண்டு நீட்டுகிறாள், டம்ளர் என்னைத் தாண்டி, ஒரு சாண் தள்ளி, யாருமில்லாத இடத்தில் நீண்டு நிற்கிறது, நான் சத்தம் காட்டாமல் அந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன்.