வாயை மூடத் தெரியாத வக்கீல்

கறுப்புக் கவுனை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்திய நாளிலிருந்து வக்கீலுக்குப் பழைய சகாக்களைக் கண்டாலே குமட்டியது. வெள்ளைக்கார ஜட்ஜ் துரையின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலே முதுகு வளைகிற ஜென்மங்கள்! சுதந்திரம் என்று பேசினால் கேஸ் கொடுக்கிற கட்சிக்காரன் ஓடிவிடுவான் என்று தொடை நடுங்குகிறவர்கள். அவர்கள் கண்ணெதிரே குற்றவாளிக் கூண்டில் ஏறி ஜெயிலுக்குப் போவதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

கூட்டம் போட்ட இடத்தில் போலீஸ் மேல் கல்லெறிந்ததாக வழக்கு. கல்லை யாரும் தொடக்கூட இல்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் கோர்ட்டில் எதிர்வாதம் செய்யக் கூடாது, தண்டனையை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது இயக்கத்தின் கட்டளை. கூடவே கைதான தையல்காரருக்கு லாக்கப்பில் இதைப் பாடம் எடுத்தவரே வக்கீல்தான்.

முதலில் தையல்காரர். சாட்சி சொன்ன இன்ஸ்பெக்டரின் புளுகை முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தக் கோர்ட்டை நான் ஒத்துக்கல" என்றார். ஆறு மாதம்.

அடுத்து வக்கீல். சர்க்கார் தரப்பில் எழுந்தவன் அவருடைய பழைய ஜூனியர். சாட்சியை விசாரிக்கிற லட்சணமா அது? மண்ணு மாதிரி நின்றான்.

"ஒரு கையில கொடி பிடிச்சிருந்தார். இன்னொரு கையால மேடைக் கம்பத்தைப் பிடிச்சிருந்தார். அப்படியே கல்லை எறிஞ்சார்" என்று அதே புளுகை அளந்தார் இன்ஸ்பெக்டர்.

வக்கீலுக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"இன்ஸ்பெக்டர், எனக்கு மொத்தம் எத்தனை கை?"

கோர்ட்டே சிரித்தது. துரையும் சிரித்துவிட்டார். அடுத்தடுத்து வந்த கேள்விகளில் இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. விடுதலை! பழைய சகாக்கள் கை தட்டினார்கள். அந்த மனுஷன், வெட்கங்கெட்டு, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். துரைக்கும் ஒரு கும்பிடு.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உள்ளே ஓடினார்.

"என்னையும் ஜெயில்ல போடச் சொல்லுங்க!"

"விடுதலையான ஆளை எப்படி சார் போடுறது? வீட்டுக்குப் போங்க" என்றார் கோர்ட் குமாஸ்தா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

போலீஸ் வண்டியில் ஏறப்போன தையல்காரரிடம் ஓடினார். "தம்பி, பழக்க தோஷம்ப்பா. என்னை அறியாம கேட்டுட்டேன்."

தையல்காரர் விலங்கோடு திரும்பினார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நல்லாத்தான் கேட்டீங்கய்யா. வக்கீல் வெச்சுக்கன்னு என் பொண்டாட்டி கால்ல விழுந்து கெஞ்சினா. நீங்களே கூட நிக்கும்போது எனக்கு எதுக்குடின்னு திட்டி அனுப்பிட்டேன். அதோ, வாசல்லதான் நிக்கிறா. நான் ஏன் வாயைத் திறக்கலன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."